பந்தலோடு நின்றுவிடும் விழாக்கள்

இலக்கிய விழா என்றால் சென்னை என்றிருந்த காலம் மலையேறிவிட்டது. 2022-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் திருநெல்வேலியில் பொருநை இலக்கியத் திருவிழா நடைபெற்றது. அதனைத் தொடர்ந்து வைகை, காவிரி, சிறுவாணி என ஆறுகளின் பெயர் தாங்கிய விழாக்கள் மதுரையிலும் தஞ்சையிலும் கோவையிலும் எடுக்கப்பட்டன. மாவட்டந்தோறும் அரசின் துணையோடு புத்தகத் திருவிழா நடத்தும் வழக்கமும் அக்காலத்தில்தான் பரவியது. ஈரோட்டு மக்களோ 2005-ஆம் ஆண்டு முதலே அத்தகைய விழாவைக் கண்டு வருகின்றனர். இலக்கியம் தலைநகரை விட்டு வெளியே வந்திருக்கிறது. இதனை நாம் மனமார வரவேற்கிறோம்.

ஆயினும், விழாவுக்கு ஆற்றின் பெயரைச் சூட்டியவர்கள் ஒன்றை எண்ணிப் பார்த்திருக்க வேண்டும். பொருநை, திருநெல்வேலி நகரோடு முடிந்துவிடும் ஆறன்று. பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலைச் சேரும்வரை எத்தனையோ சிற்றூர்களின் வயலையும் வாய்க்காலையும் தொட்டுக்கொண்டே அது செல்கிறது. அதன் பெயரைத் தாங்கிய விழா மட்டும் நகர மண்டபத்தில் தங்கிவிடலாமா? மாவட்டத் தலைநகரில் பந்தலிட்டுப் பத்து நாள் புத்தகம் விற்றால் மாவட்டம் முழுவதும் இலக்கியம் பாய்ந்துவிட்டது என்று கணக்கெழுதலாமா?

விழாவையொட்டிச் சுற்றுவட்டாரப் பள்ளிகளிலும் நூலகங்களிலும் எழுத்தாளர் சந்திப்புகள் ஏற்பாடு செய்யப்படுவதும் உண்டே என்பர். உண்டுதான். ஆனால் அவை விழாவின் ஓரத்தில் ஒட்டிவைத்த துண்டுகளாகவே நடத்தப்படுகின்றன. பெரிய மேடையில் இடம் கிடைக்காதவருக்கு அளிக்கும் ஆறுதலாகவும், அறிக்கையில் சேர்த்துக்கொள்ளும் எண்ணிக்கையாகவும் அவை சுருங்கிவிடுகின்றன. இதனையே நாம் வன்மையாக மறுக்கிறோம். ஊரகத்தின் பெயரால் எடுக்கப்படும் எழுத்தாளர் விழாவில் உயிர்நிலையாக இருக்க வேண்டியவை இச்சிறு சந்திப்புகளே. இவை செம்மையாக நடந்தால் பந்தல் சிறியதாக இருந்தாலும் குற்றமில்லை. இவை பொய்த்துப் போனால் பந்தல் எவ்வளவு பெரிதாயினும் பயனில்லை.

ஊருக்குப் பட்ட கடன்

எழுத்தாளர் ஏன் சிற்றூருக்குச் செல்ல வேண்டும்? அறியாதவர்களுக்கு அறிவு புகட்டுவதற்காக என்று சிலர் விடை கூறுவர். இவ்விடையிலேயே பிழை இருக்கிறது. எழுத்தாளர் ஊருக்குச் செல்வது அங்கிருந்து தாம் பெற்றதைத் திருப்பிச் செலுத்துவதற்காக.

கோவில்பட்டியை அடுத்த இடைசெவல் என்னும் கரிசற்காட்டுச் சிற்றூரை எண்ணிப் பாருங்கள். 1923-ஆம் ஆண்டில் அவ்வூரில் பிறந்த குழந்தைகள் இருவர். ஒருவர் கு. அழகிரிசாமி, மற்றவர் கி. ராஜநாராயணன். அழகிரிசாமிக்கு 1970-ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது அவர் மறைந்த பின் வழங்கப்பட்டது. கி.ரா.வுக்கு 1991-இல் அதே விருது கிடைத்தது. ஒரே சிற்றூரிலிருந்து இருவர்! அவ்வூரில் பல்கலைக்கழகம் இருந்ததா? அச்சகம் இருந்ததா? இல்லை. பேச்சு இருந்தது. ஏர் ஓட்டியவர், ஆடு மேய்த்தவர், களத்துமேட்டில் இரவுக் காவல் இருந்தவர், பேறுகாலம் பார்த்த பெண்கள் ஆகியோரின் வாயில் கதையும் பழமொழியும் ஏச்சும் எள்ளலும் இருந்தன.

பள்ளிப் படிப்பை முடிக்காத கி.ரா. அப்பேச்சைக் காது கொடுத்துக் கேட்டார். 1982-இல் அவர் கரிசல் வட்டாரச் சொல்லகராதியை வெளியிட்டார். அதன் ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னால் பெயர் அச்சேறாத ஓர் உழவரோ உழத்தியோ நிற்கிறார். புதுவைப் பல்கலைக்கழகம் 1980-களின் இறுதியில் அவரை வருகைதரு பேராசிரியராக அழைத்துக்கொண்டது. கரிசற்காட்டு மக்களின் அறிவையே அன்று அப்பல்கலைக்கழகம் பேராசிரியர் இருக்கையில் அமர்த்தியது எனலாம்.

இது இன்று நேற்று ஏற்பட்ட உறவன்று. கடல் கடந்து வந்த வீரமாமுனிவர் ஏலாக்குறிச்சி போன்ற சிற்றூர்களில் வாழ்ந்தார். செந்தமிழுக்கு இலக்கணம் எழுதிய அவரே மக்கள் வழங்கிய கொடுந்தமிழுக்கும் தனியே இலக்கணம் எழுதினார். ஊராரின் பேச்சைக் கல்லாதார் உளறலென ஒதுக்கியிருந்தால் அந்நூல் தோன்றியிருக்குமா?

ஆகவே, தமிழ் எழுத்து ஊர்களிடம் கடன்பட்டிருக்கிறது. கடன்பட்டவர் கடன் கொடுத்தவரின் வீட்டுக்கு எப்படிச் செல்வார்? கையில் மாலையை எதிர்பார்த்தா? கோவில்பட்டியில் கி.ரா.வுக்கு 2022-இல் மணிமண்டபம் எழுப்பப்பட்டது, நல்லதே. ஆயினும் கல்லும் சுண்ணாம்பும் கடனைத் தீர்த்துவிடா. அவர் எழுதிய கதைகளைக் கரிசற்காட்டு ஊர்களில் இன்று எத்தனை வீடுகளில் படிக்கக் கேட்கலாம் என்னும் வினாவுக்கு விடை தேடுவதே கடன் தீர்க்கும் வழி.

சால்வையும் நாற்காலியும்

ஊர்ப்புறங்களில் எழுத்தாளர் சந்திப்பு எவ்வாறு நடக்கிறது என்பதை இத்தகைய கூட்டங்களுக்குச் சென்றவர் அறிவர். காலை பத்து மணிக்கு விழா என்று அழைப்பிதழ் கூறும். தலைமை ஏற்பவர் வரப் பதினொன்றரை ஆகும். அதுவரை மாணவர்கள் வெயிலில் வரிசையாக அமர்த்தப்பட்டிருப்பர். அவர்கள் தாமே விரும்பி வந்தவர்கள் அல்லர். நாற்காலிகளை நிரப்புவதற்காக வகுப்பிலிருந்து அழைத்து வரப்பட்டவர்கள். பின்னர் வரவேற்புரை, முன்னிலை உரை, வாழ்த்துரை. ஒவ்வொருவருக்கும் சால்வை, சால்வை போர்த்தியவருக்கும் சால்வை. எழுத்தாளரின் பெயர் பதாகையில் எட்டாவது வரியில் இருக்கும். அவர் பேச எழும்போது மதிய உணவு வேளை நெருங்கிவிடும். "நேரம் கருதிச் சுருக்கமாக" என்று ஒரு சீட்டு அவர் கைக்கு வரும்.

இக்கூட்டத்தில் இல்லாத பொருள் ஒன்றுண்டு. அது அவர் எழுதிய நூல்! அவ்வூர் நூலகத்தில் அது இராது. பள்ளி அலமாரியிலும் இராது. அவருடைய கதை ஒன்றையேனும் முன்னரே படித்தவர் அக்கூட்டத்தில் ஐவர் இருந்தால் வியப்பு. நூலைப் படிக்காதவரிடம் நூலாசிரியரைக் கொண்டுவந்து நிறுத்துவது, மணப்பெண் இல்லாமல் தாலி கட்டப் பந்தலிடுவது போன்றது. மாணவர் ஒருவர் துணிந்து எழுந்து, "நீங்கள் எழுத்தாளர் ஆனது எப்படி?" என்று கேட்பார். படிக்காத நூலைப் பற்றி வேறென்ன கேட்க இயலும்?

நம் முன்னோரிடம் அரங்கேற்றம் என்றொரு மரபு இருந்தது. நூலை எழுதியவர் அவை நடுவே அமர்ந்து அதனை வாசித்துப் பொருள் உரைப்பார். அவையோர் தடை எழுப்புவர். ஆசிரியர் விடை கூறுவார். அவ்வவை கற்றோர்க்கும் உயர்ந்தோர்க்கும் மட்டுமே உரியதாக இருந்தது என்பது அதன் குறை. ஆனால் நூலைக் கேட்காமல் நூலாசிரியரைப் புகழ்ந்து அனுப்பும் வழக்கம் அதில் இல்லை. நாமோ அவையை எல்லார்க்கும் திறந்துவிட்டு நூலை வெளியே நிறுத்திவிட்டோம்.

சந்திக்காமல் போனால்

இது வெறும் முறைமைக் குறைதானே, இதற்கு இத்தனை சினம் வேண்டுமா என வினவலாம். எழுத்தாளரும் ஊரும் நேருக்கு நேர் பேசிப் பழகாத நாட்டில் என்ன நேரும் என்பதை நாம் கண்ணாரக் கண்டிருக்கிறோம்.

1992-ஆம் ஆண்டு பாமாவின் 'கருக்கு' வெளிவந்தது. ஒடுக்கப்பட்ட மக்களின் வாழ்வை அவர்களது பேச்சிலேயே எழுதிய நூல் அது. பின்னாளில் பல பல்கலைக்கழகங்களில் பாடமாயிற்று. பிற மொழிகளுக்கும் சென்றது. ஆனால் அது வெளிவந்தபோது ஊரை இழிவாகக் காட்டிவிட்டதாக எதிர்ப்பு எழுந்தது. பல மாதங்கள் அவர் தம் சொந்த ஊருக்குள் செல்ல இயலவில்லை. ஊரின் துயரை உலகுக்குச் சொன்னவரையே ஊர் அயலாராக நினைத்தது. அந்நூல் தம்மை இகழ்கிறதா, தமக்காகப் பேசுகிறதா என்பதை மக்கள் ஒன்றாகக் கேட்டு, வினவித் தெளிய ஒரு முற்றம் அன்று இருந்திருந்தால் அப்பிரிவின் நாள்கள் குறைந்திருக்கலாம்.

பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' 2010-இல் வெளிவந்தது. நான்கு ஆண்டுகள் எவ்வித எதிர்ப்பும் இல்லை. 2014-ஆம் ஆண்டின் இறுதியில் திருச்செங்கோட்டில் போராட்டம் மூண்டது. நூலின் சில பக்கங்கள் மட்டும் நகலெடுக்கப்பட்டுப் பரப்பப்பட்டன, நூல் எரிக்கப்பட்டது, கடைகள் அடைக்கப்பட்டன. 2015 சனவரி 12-ஆம் நாள் நாமக்கல் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் அமைதிப் பேச்சு நடந்தது. அதன்பின் தம்முள் இருந்த எழுத்தாளன் இறந்துவிட்டான் என்னும் பொருள்பட அவர் அறிவித்து எழுதுவதையே நிறுத்தினார். 2016 சூலை 5-ஆம் நாள் சென்னை உயர்நீதிமன்றம் அளித்த தீர்ப்புக்குப் பிறகே மீண்டும் எழுத வந்தார்.

அந்நாவலின் நிறைகுறைகளை ஈண்டு ஆராய வரவில்லை. அதனால் உண்மையாகவே மனம் புண்பட்டவர்களும் இருந்திருப்பர். நாம் கேட்பது வேறு. ஓர் எழுத்தாளரும் அவரது வட்டார மக்களும் ஒரு நூலைக் குறித்துப் பேச வேண்டிய இடம் அதிகாரிகளின் மேசையா? நூல் வெளிவந்த நாள் முதல் நான்கு ஆண்டுகளில், சுற்றியிருந்த ஊர்களில் அது முழுமையாக வாசிக்கப்பட்டு, "இதை ஏன் இப்படி எழுதினீர்?" என்று நேரே கேட்கப்பட்டிருந்தால், சில பக்கங்களின் நகல் அத்தனை வலிமை பெற்றிருக்குமா? சந்திப்புகள் இருந்திருந்தால் சண்டையே மூண்டிராது என நாம் உறுதி கூறவில்லை. திட்டமிட்டுத் தூண்டுவோரை எந்த வாசகர் வட்டமும் முற்றிலும் தடுத்துவிட இயலாது. ஆனால் முழு நூலைப் படித்த நூறு பேர் ஓர் ஊரில் இருந்தால், துண்டுத்தாளைக் கொண்டு வருபவருக்கு மறுமொழி கூற அங்கே ஆள் இருக்கும். அந்த நூறு பேரை உருவாக்குவதே எழுத்தாளர் சந்திப்பின் பணி.

வழக்கமான மறுப்புகள்

இவ்வாறு கூறும்போது மூன்று மறுப்புகள் எழும்.

ஊரார் படிப்பதில்லை என்பது முதல் மறுப்பு. வரலாறு இதனை ஒப்புக்கொள்ளவில்லை. 1931 அக்டோபரில், மன்னார்குடியை அடுத்த மேலவாசலில் இரட்டை மாட்டுவண்டி ஒன்று புறப்பட்டது. அதில் நெல் மூட்டை இல்லை, நூல்கள் இருந்தன. பொறியாளர் கனகசபைப் பிள்ளை அவ்வண்டியை அமைத்தார். நூலக அறிஞர் சீர்காழி அரங்கநாதன் அம்முயற்சிக்குத் துணை நின்றார். ஊர் ஊராகச் சென்று நூல்களைக் கொடுத்து வாங்கியது அந்த நடமாடும் நூலகம். நூல்கள் பயன்படுவதற்கே உள்ளன என்னும் கருத்தை முதன்மையாக வைத்து அரங்கநாதன் தம் நூலக விதிகளை வெளியிட்டதும் அதே ஆண்டில்தான். எழுத்தறிந்தோர் மிகச் சிலராக இருந்த காலத்தில் மாடு பூட்டிய வண்டி சென்ற பாதையில், இன்று சிற்றுந்தில் செல்ல மனமில்லாதவர்களா ஊராரைக் குறை கூறுவது?

1990-களின் தொடக்கத்தில் எழுந்த அறிவொளி இயக்கத்தையும் மறக்கலாகாது. புதுக்கோட்டை மாவட்டத்தில் கல்லுடைக்கும் பெண்களும் வயலில் உழைக்கும் பெண்களும் எழுத்தைக் கற்றனர்; அதே வேகத்தில் மிதிவண்டியும் கற்றனர். எழுத்தாளர்கள் பலர் அவ்வியக்கத்தில் ஊர் ஊராக அலைந்தனர். அவர்களுள் ஒருவரான ச. தமிழ்ச்செல்வன் அப்பட்டறிவை 'இருளும் ஒளியும்' என்னும் நூலாகவே தந்திருக்கிறார். கேட்பாரும் கற்பிப்பாரும் வந்தபோது ஊர் படித்தது. வருவது நின்றபோது பழகிய எழுத்தும் மங்கியது. குறை யாருடையது?

பணம் இல்லை என்பது இரண்டாவது மறுப்பு. 1948-ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டம், விடுதலை பெற்ற இந்தியாவில் இத்துறையில் இயற்றப்பட்ட முதற் சட்டம். அதன்படி வீட்டுவரியோடு ரூபாய்க்குப் பத்துக் காசு நூலக வரியாகப் பெறப்படுகிறது. ஓட்டு வீட்டில் இருக்கும் பாட்டியும் அதனைச் செலுத்துகிறார். தாம் நூலகத்துக்கு வரி கட்டுகிறோம் என்பதே அவருக்குத் தெரியாது, எவரும் சொன்னதில்லை. 2006-ஆம் ஆண்டு முதல் ஐந்தாண்டுகளில், அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தின்கீழ், பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஊராட்சிகளில் நூலகங்கள் அமைக்கப்பட்டன. அவற்றுள் பல பூட்டிக் கிடந்ததை நாளேடுகள் பலமுறை எழுதிவிட்டன. ஆக, வரி இருக்கிறது, கட்டடமும் இருக்கிறது. சாவியைக் கொண்டு திறப்பாரும், திறந்தபின் அங்கே சென்று அமர்வாரும் இல்லை. பதாகைக்கும் சால்வைக்கும் ஆகும் செலவை நூலாக மாற்றினாலே ஓர் ஊருக்கு ஓர் அலமாரி நிறையும்.

எழுத்தாளர் பேச்சாளர் அல்லர், எழுதுவதே அவர் தொழில் என்பது மூன்றாவது மறுப்பு. இதில் உண்மை உண்டு. தனிமையை நாடும் ஒருவரை ஊர் ஊராக மேடையேற்றி வதைப்பது அறமாகாது. ஆனால் நாம் அவரைப் பேசவா அழைக்கிறோம்? தம் கதையிலிருந்து பத்துப் பக்கம் வாசிக்கட்டும். பின்னர் ஊரார் பேசுவதைக் கேட்கட்டும். கேட்பதற்கு நாவன்மை வேண்டுவதில்லை. அதற்கும் பொறுமையில்லை என்பவர் ஊரைப் பற்றி எழுதுவதை எந்த உரிமையோடு தொடர்வார்?

ஹெக்கோடு காட்டும் வழி

நாம் கேட்பது நடவாத கனவன்று. அண்டை மாநிலமான கர்நாடகத்தில், சிவமொக்கா மாவட்டத்துச் சாகர் வட்டத்தில், பாக்குத் தோட்டங்களுக்கு நடுவே ஹெக்கோடு என்னும் சிற்றூர் இருக்கிறது. 1949-இல் அவ்வூர் இளைஞர்கள் நீநாசம் என்னும் அமைப்பைத் தொடங்கினர். கே. வி. சுப்பண்ணா அதனை வளர்த்தெடுத்தார். 1980-இல் நாடகப் பயிற்சிப் பள்ளி தோன்றியது. 1985 முதல் அதன் பயணக் குழு கன்னட நாடெங்கும் ஊர் ஊராக நாடகம் நடத்தி வருகிறது. ஆண்டுதோறும் நடக்கும் பண்பாட்டு முகாமில், பெரும் எழுத்தாளர்களும் அறிஞர்களும் அச்சிற்றூருக்கு வந்து, ஆசிரியர்களும் உழவர்களும் மாணவர்களும் கலந்திருக்கும் அவையில் பல நாள்கள் தங்கிப் பேசுகின்றனர். பேசுவதைவிட விடை கூறுகின்றனர். 1991-இல் சுப்பண்ணாவுக்கு மகசேசே விருது வழங்கப்பட்டது. 2005-இல் அவர் மறைந்தார், பணி தொடர்கிறது. விழா அங்கே ஆண்டு முழுவதும் நடக்கும் பணியில் காய்த்த ஒரு கனி. வேரில்லாமல் கட்டித் தொங்கவிட்ட வாழைத்தாரன்று.

கடல் கடந்த நாட்டிலும் இதே பாடத்தைக் காணலாம். ஸ்காட்லாந்தின் தென்மேற்கு ஓரத்தில் ஏறத்தாழ ஆயிரம் பேர் வாழும் விக்டவுன் என்னும் ஊர், இருந்த தொழில்கள் மூடப்பட்டு நலிந்து கிடந்தது. 1998-இல் அதனை அந்நாட்டின் புத்தக ஊராகத் தேர்ந்தெடுத்தனர். மறு ஆண்டு முதல் அங்கே புத்தக விழா நடந்து வருகிறது. ஆனால் அவ்விழாவைத் தாங்கி நிற்பவை, விழா நாள் கழிந்த பின்னும் திறந்திருக்கும் அவ்வூர்ப் புத்தகக் கடைகள். மகாராட்டிரத்தில் பஞ்சகனிக்கு அருகிலுள்ள பிலார் என்னும் ஊரில் 2017 முதல் வீடுகளிலேயே நூல்கள் அடுக்கப்பட்டிருக்கின்றன. வருபவர் அவ்வீட்டிலேயே அமர்ந்து படிக்கலாம். மூன்று ஊர்களும் வேறு வேறு வழிகளைக் கண்டன. விழா முடிந்த மறுநாள் ஊரில் என்ன எஞ்சுகிறது என்னும் வினாவை மட்டும் மூன்றும் தட்டிக்கழிக்கவில்லை.

எந்தத் தெருவில்?

நம் நாட்டில் இன்னொரு வினாவையும் கேட்டாக வேண்டும். அது கசப்பானது. சந்திப்பு எந்தத் தெருவில் நடக்கிறது?

நம் ஊர்கள் இரண்டாகப் பிரிந்து கிடக்கின்றன. ஊர் என்றும் சேரி என்றும் நாம் பேர் வைத்துப் பிரித்தோம். நூலகக் கட்டடம் எத்தெருவில் எழுகிறதோ அத்தெருவினரின் உடைமையாகிவிடுவதையும், மற்றத் தெருவினர் அதன் வாயிலில் தயங்கி நிற்பதையும் நாம் காணாதவர்கள் அல்லர். சமத்துவத்தைப் பற்றி எழுதிய எழுத்தாளரை, சமமாக அமர இயலாத இடத்தில் மேடையேற்றி மாலையிடுவது இலக்கியத்துக்குச் செய்யும் அவமானம். எல்லாத் தெருவினரும் தயக்கமின்றி வந்தமரும் இடம் ஊரில் இல்லையெனின், அழைக்கப்பட்டவர் ஒடுக்கப்பட்டோர் தெருவுக்கே முதலில் செல்லட்டும். மற்றவர்கள் அங்கே வந்து கேட்கட்டும். வர மறுப்பவர் மறுக்கட்டும். அம்மறுப்பும் ஊருக்கு ஒரு பாடமாகும்.

பெண்களின் நிலையையும் எண்ண வேண்டும். காலைக் கூட்டத்தின்போது அவர்கள் வயலிலோ நூறு நாள் வேலையிலோ இருப்பர். இரவுக் கூட்டத்தின்போது அடுப்படியில் இருப்பர். அவர்கள் வர இயலாத நேரத்தைக் குறித்துவிட்டு, பெண்களுக்கு இலக்கிய நாட்டம் இல்லை என்று தீர்ப்புக் கூறுவது எவ்வகை நீதி? வேலைத்தளத்தின் மரநிழலில், உணவு இடைவேளையில், அரைமணி நேரம் ஒரு சிறுகதை வாசிக்கப்பட்டால் அதுவும் எழுத்தாளர் சந்திப்பே. கேட்கும் பெண்களுள் ஒருத்தி, "இது என் மாமியார் கதையல்லவா!" என்று சிரிப்பாளாயின் அதைவிடச் சிறந்த மதிப்புரை எங்கே கிடைக்கும்?

செய்ய வேண்டியவை

குறை கூறி ஒதுங்குவது எளிது. ஆகவே விழா எடுப்போர் முன் சில வேண்டுகோள்களை வைக்கிறோம்.

முதலாவது, எழுத்தாளருக்கு முன் நூல் ஊருக்குச் செல்லட்டும். சந்திப்புக்கு ஒரு மாதம் முன்னரே அவருடைய நூலின் இருபது படிகளேனும் அவ்வூர் நூலகத்தையும் பள்ளியையும் அடைய வேண்டும். படிக்கத் தெரிந்தவர் தெரியாதவருக்குப் படித்துக் காட்டட்டும். நூல் செல்லாத ஊருக்கு ஆசிரியரும் செல்ல வேண்டாம்.

இரண்டாவது, எழுத்தாளர் ஓர் இரவேனும் அவ்வூரில் தங்கட்டும். பகல் உணவு முடிந்ததும் நகரத்து விடுதிக்குத் திரும்பும் வருகை, வருகையாகாது. ஊரார் வாய்திறந்து பேசுவது மேடை கலைந்த பின்னர், திண்ணையில்தான். அதே வேளையில் அவருக்குரிய பயணச் செலவையும் ஊதியத்தையும் குறையாமல் கொடுக்க வேண்டும். திரைக்கலைஞரை அழைத்தால் முன்பணம், எழுத்தாளரை அழைத்தால் சால்வை என்னும் வழக்கம் ஒழிய வேண்டும்.

மூன்றாவது, சந்திப்பில் ஊரின் கதைசொல்லிகளுக்கும் இடம் வேண்டும். ஒப்பாரி பாடும் மூதாட்டியும் தெருக்கூத்துக் கலைஞரும் எழுத்தாளருக்கு இணையான இருக்கையில் அமரட்டும். அவர்கள் கூறுவதை எழுதி வைத்து, அவர்கள் பெயரோடு அச்சிட்டு, அதே நூலகத்தில் வைக்க வேண்டும்.

நான்காவது, நூலகம் உழைப்பவரின் நேரத்துக்குத் திறக்கட்டும். மாலை ஆறு முதல் எட்டு வரை திறந்திருக்கும் ஒரு சிற்றறை, பகலெல்லாம் திறந்து மாலையில் பூட்டப்படும் மாளிகையைவிடப் பயனுடையது. தம் ஊரில் திரட்டப்பட்ட நூலக வரி எவ்வளவு, அது எதற்குச் செலவாயிற்று என்பதை ஊராட்சி மக்கள் கிராம சபையில் கேட்கட்டும்.

ஐந்தாவது, ஆறு மாதம் கழித்து எவரேனும் ஒருவர் அவ்வூருக்கு மீண்டும் சென்று பார்க்க வேண்டும். நூல்கள் கைமாறிக் கசங்கியிருந்தால் விழா வென்றது. கட்டுப் பிரிக்காமல் புதிதாகவே இருந்தால் அவ்விழாக் குழு அடுத்த ஆண்டு பந்தலிட வேண்டாம். அப்பணத்தைக் கொண்டு நூலகத்துக்கு ஓர் ஆளை அமர்த்தட்டும்.

அன்பு வாசகர்களே! இவற்றுள் எதற்கும் அரசின் ஆணைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. உங்கள் ஊரில் பூட்டிக் கிடக்கும் நூலகத்தின் சாவி யாரிடம் இருக்கிறது என்று நாளையே விசாரியுங்கள். அடுத்த புத்தகத் திருவிழாவின் அழைப்பிதழ் உங்கள் கைக்கு வரும்போது, மேடையில் அமர்வோரின் பட்டியலைப் பார்ப்பதற்கு முன், சுற்றியுள்ள எந்தெந்த ஊர்களுக்கு எந்தெந்த நூல்கள் சென்றிருக்கின்றன என்று விழாக் குழுவினரிடம் கேளுங்கள். விடை இல்லையெனில், அவ்வாண்டு பந்தலில் உங்கள் நாற்காலி காலியாக இருக்கட்டும். அன்று மாலை, கையில் ஒரு கதைப்புத்தகத்தோடு உங்கள் ஊர்த் திண்ணையில் நால்வரைக் கூட்டி அமருங்கள்.